ஓங்கியது கீழ்மாடி, பட்டது மேல்மாடி

ஒரு மனிதக் கன்னத்துக்கு அரசாங்கம் போட்டிருக்கும் விலை எழுநூற்றைம்பது. இடது கன்னமா வலது கன்னமா, ஒட்டிய கன்னமா உப்பிய கன்னமா என்ற பேதமெல்லாம் இல்லை. ஒரே விலை, பேரம் கிடையாது. அந்தக் கன்னத்தைப் பார்த்துக் கையை ஓங்கிவிட்டு அடிக்காமல் விட்டால் இருநூற்றைம்பது. ஆக, கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் கிடக்கிற ஒரு முழம் காற்றின் விலை ஐந்நூறு என்று ஆகிறது. காற்றை இந்த விலைக்குத் தள்ளிவிடத் தெரிந்த வியாபாரி எந்தக் கடைவீதியிலும் இல்லை. குற்றப் பதிவகத்தில்தான் இருக்கிறார்கள், இரண்டு மாடி நிறைய.

இந்த அபராதப் பட்டியல் பதிவகத்தின் வாசல் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பட்டனக்கா அதை முதல் தடவை அண்ணாந்து படித்த அன்று அவளுடைய வலது கண்ணுக்குக் கீழே தீக்குச்சி நீளத்தில் ஒரு கோடு சிவந்து கிடந்தது.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் அட்டையைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. கடைவீதியில் பட்டன், ஜிப், ஊக்கு, நூல்கண்டு விற்பவள். கடை என்றால் ஆறடி அகலம். ஆனால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் மாதிரிக்கு ஒரு பட்டன் தைத்திருக்கும். எதிர்சாரியில் போகிறவர் சட்டையைப் பார்த்தே, "அந்த மூணாவது பட்டன் பின்னால மாத்தினது" என்று சொல்லிவிடுவாள். மூக்குக்கண்ணாடி இருந்தால்தான். கழற்றிவிட்டால் எதிர்சாரியே கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். கடைகளின் உரிமத்தைச் சரிபார்க்கும் ஆய்வாளர் வந்தார். அரசு முத்திரை குத்திய தொப்பி, புதிதாகத் தைத்த கோட்டு. உரிமத்தைப் பார்த்தார், தலையாட்டினார். பித்தளைப் பட்டன் இழுப்பறையைத் திறந்து பதினொன்று எண்ணி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"சார், பதினொண்ணு. நூத்திப்பத்து" என்றாள் பட்டனக்கா.

"என்ன?"

"ஒண்ணு பத்து சார். பதினொண்ணு எடுத்திருக்கீங்க. பன்னெண்டா எடுத்தா நூறுக்குப் போட்டுத் தரலாம்."

ஆய்வாளர் பணியில் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. இந்தப் பதினாறு வருஷத்தில் ஒரு கடையிலும் ஒரு பொருளுக்கும் விலை என்று ஒன்று உண்டு என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அதிர்ச்சியில் கை மேலே போனது. போன கை சும்மா இறங்குமா? அவளுடைய கண்ணாடியின் மேல் இறங்கியது. ஒரு சில்லில் விரிசல் விட்டது, சட்டம் அமுங்கிக் கன்னத்தைக் கிழித்தது. பிறகு அவர் நிதானமாக ஒரு தாளை எடுத்து, 'ஆய்வாளர் பணியில் இருக்கும்போது விலை கூறி இடையூறு செய்தமை' என்று எழுதிக் கடைக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

தாளின் அடியில் எறும்பு எழுத்தில் இரண்டு விதிகள் இருந்தன. அறுபது நாளில் முத்திரை நீங்காவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். முத்திரை வைத்த ஆய்வாளர் மேல் குற்றப் பதிவகத்தில் வழக்கு எண் விழுந்தால் முத்திரை அன்றைக்கே செல்லாது. பட்டனக்கா இரண்டாவது விதியைப் படித்துவிட்டுப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஒரே ஒரு எண். அதை வாங்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

கீழ்மாடியில் 'ஓங்கல் பிரிவு' என்று பலகை. காதில் பென்சில் செருகிய எழுத்தர் உட்காரச் சொன்னார்.

"சொல்லுங்கம்மா. யாரு, எப்ப, எவ்வளவு தூரம்?"

"தூரமா?"

"கைக்கும் உங்களுக்கும். சென்டிமீட்டர்ல சொன்னா போதும்."

"தூரமெல்லாம் இல்ல சார். அடிச்சுட்டாரு."

எழுத்தர் முகம் விழுந்துவிட்டது. "பட்டுடுச்சா?" என்று துக்கம் விசாரிப்பவர்போலக் கேட்டார்.

"பட்டுடுச்சு."

"அடடா. அப்ப இது நம்மகிட்ட வராதும்மா. படுற வரைக்கும்தான் நாங்க. பட்டுதோ, மேல்மாடி. அது படல் பிரிவு."

"ஓங்காம எப்படி சார் அடிக்க முடியும்? ஓங்கித்தானே அடிச்சாரு?"

"ஓங்கினாரு, இல்லைங்கல. ஓங்கினதோட நிறுத்தியிருந்தா எங்க ஆளு. எட்டிக் கையைப் பிடிக்கிறதுக்குள்ள மேல போயிட்டாரே" என்று கூரையைக் காட்டிப் பெருமூச்சு விட்டார். "பாருங்க, நஷ்டம் எங்களுக்குத்தான்."

மேல்மாடியில் படல் எழுத்தர் ஓர் அம்மாள். மேசைமேல் சுண்ணாம்பில் வார்த்த ஒரு மனித முகம் இருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை அறுபத்து நான்கு கட்டங்கள் கீறி எண் போட்டிருந்தார்கள்.

"எந்தக் கட்டம்?"

பட்டனக்கா முப்பத்தொன்றைத் தொட்டாள்.

"கை நேரா முப்பத்தொண்ணுல பட்டுதா?"

"கண்ணாடி மேல பட்டுது மேடம். கண்ணாடி அமுங்கி இங்க கிழிச்சுது."

அந்த அம்மாள் பேனாவை மூடினார். "அப்ப கை உங்களைத் தொடவே இல்லையே."

"கண்ணாடி என் மூஞ்சிலதானே மேடம் இருந்துது?"

"மூஞ்சி வேற, மூஞ்சில இருக்கறது வேற. இந்தக் கட்டத்துல எங்கயாவது கண்ணாடி இருக்கா பாருங்க." சுண்ணாம்பு முகத்தைத் திருப்பிக் காட்டினார். இல்லைதான். "கண்ணாடி யாருது?"

"என்னோடது."

"உங்க பொருள் உங்களைக் குத்தியிருக்கு. இதுக்கு நான் யார் மேல எழுதறது? உங்க மேலதான் எழுதணும். வேண்டாமேன்னு பாக்கறேன்."

"அப்ப அவர் கை ஓங்கினப்பவே நான் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் கன்னத்தைக் காட்டியிருக்கணும்."

"வெவரம் தெரிஞ்சவங்க அப்படித்தான் செய்வாங்க" என்றார் அந்த அம்மாள், கேலியே இல்லாமல். பிறகு கண்ணாடியை வாங்கி, 'சர்ச்சைக்குரிய பொருள்' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "நீங்க கீழயே போங்க. தொடலைன்னா அது படல் இல்ல, ஓங்கல்தான். சட்டப்படி அந்தக் கை இன்னும் காத்துலதான் இருக்கு."

பட்டனக்கா சுவரைத் தடவித் தடவி மாடிப்படி இறங்கினாள். கீழே காத்திருந்த பென்சில்காரர், தொலைந்துபோன மாடு திரும்பிவந்த மாதிரி எழுந்து வரவேற்றார். விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். ஓங்கியவர் பெயர், ஓங்கிய கை, உயரம், வேகம். ஐந்தாவது கேள்விக்கு வந்தபோது பென்சில் நின்றது.

"பயந்தீங்கதானே?"

"இல்லையே."

"ஏம்மா, ஓங்கலோட மூலப்பொருளே பயம்தாம்மா. ஓங்கினப்ப நீங்க பயந்தாத்தான் அது குத்தம். பயப்படலைன்னா அவர் பாட்டுக்குக் கையத் தூக்கினாரு, நீங்க பாட்டுக்கு நின்னீங்க. அதுல என்ன கேஸு? ஒரு டிக் அடிச்சா முடிஞ்சுது. இப்பவே நம்பர் போட்டுத் தரேன்."

"கை வரும்போது எனக்குக் கோவம்தான் சார் வந்துது."

"கோவத்துக்குக் கட்டம் இல்லைம்மா."

"கட்டம் போடுங்க."

"அந்தக் கை வரும்போது உங்க மனசுல என்னதான் ஓடிச்சு?"

"பதினொண்ணு, நூத்திப்பத்து."

பென்சில் காதுக்கே திரும்பிப் போய்விட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அவர் பார்சல் வண்டி ஓட்டுபவர். முப்பது வருஷத்தில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை, ஒரு ஹாரனுக்குத் திருப்பி ஹாரன் அடித்ததில்லை.

"ஒரு டிக்குதானே? அடிச்சுட்டு வர வேண்டியதுதானே? நான் தினம் பயப்படலையா? எனக்கென்ன கொறஞ்சு போச்சு?"

"உங்களுக்குப் பழகிடுச்சு."

"சரி, பேச்சுக்கு. பயந்தேன்னு எழுதிக் குடுத்தா கடை கெடைக்கும். இல்லைன்னா போயிடும். நீயே கணக்குப் போட்டுப் பாரு, வியாபாரிதானே?"

"போட்டுட்டேங்க. அந்த ஆளப் பாத்து நான் பயந்தேன்னு அரசாங்கக் காகிதத்துல ஏறிடுச்சுன்னு வைங்க. நாளைக்குக் கடைக்கு வருவாரு. இழுப்பறையத் தொறப்பாரு. நான் எந்த வாயால விலை சொல்லுவேன்? விலை சொல்ல முடியாத கடை எனக்கு எதுக்கு?"

வீட்டுக்காரர் அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். "கண்ணாடி இல்லாம மாடிப்படி ஏறாத. விழுந்து வைக்கப் போற. நாளைக்கு நான் கொண்டு விடறேன்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு புரட்சி.

டிக் அடிக்காத விண்ணப்பம் பதிவகத்தில் அதுவரை இருந்ததில்லை. எனவே அதை மருத்துவ அதிகாரிக்கு அனுப்பினார்கள். அச்சப் பரிசோதனைக்குத் தேதி கிடைக்க இருபத்து நான்கு நாள் ஆனது. முத்திரை விழுந்து முப்பத்தொன்றாம் நாள் அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அதிகாரி எதிரில் நின்று திடீர் திடீரென்று கையை ஓங்கினார். இருபது தடவை ஓங்கினார். பட்டனக்கா இமை தட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அபாரம்!" என்றார் அதிகாரி, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே. "இதுவரைக்கும் ஒருத்தர்கூட இப்படி இருந்ததில்ல."

"நீங்க எங்க சார் நிக்கறீங்க?" என்றாள் பட்டனக்கா. "கண்ணாடி மேல்மாடில இருக்கு. எனக்குப் புகை மாதிரிதான் தெரியுது."

"கண்ணாடியோட வந்திருக்கணும்."

"குடுக்க மாட்டேங்கறாங்களே. சர்ச்சைல இருக்காம்."

"அது நிர்வாகப் பிரச்சனை. நான் மருத்துவம்." சான்றிதழில் 'மனுதாரர் அச்சமற்றவர்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"இதை வச்சு நான் என்ன சார் பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே உங்க மேல யார் கை ஓங்கினாலும் ஓங்கல் ஆகாது. சட்டப்படி அது தேகப்பயிற்சி."

நாற்பதாம் நாள் பட்டனக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் உபரியாக வைத்திருந்த சரக்கை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து, தலைமைப் பதிவாளரின் அறைக்கு எதிரே தாழ்வாரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். காவலர் வந்து எழுந்து போகச் சொன்னார். அவருடைய சட்டையில் நடு பட்டன் இருக்கும் இடத்தில் ஊக்கு மாட்டியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தே, "நாலு ஓட்டை, வெள்ளை. ரெண்டு காசு. தைக்க ஒண்ணு" என்றாள். காவலர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு காவல் காத்தார். ஒரு வாரத்தில் பென்சில்காரர் வந்தார், சுண்ணாம்பு முகத்து அம்மாள் வந்தார், தோள்வலியோடு மருத்துவ அதிகாரியும் வந்தார். கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கும் வித்தையை அவள் அங்கேதான் கற்றாள். யாருக்கும் தள்ளுபடி கிடையாது. அறுபத்து நான்கு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒருவர் சட்டைகூட ஒழுங்காக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் எல்லோரும் சட்டையை எப்போதும் ஏதாவது ஒரு கோப்பால் மறைத்தே பழகியவர்கள்.

ஐம்பத்தோராம் நாள் தலைமைப் பதிவாளரே வெளியே வந்தார். சட்டையில் கீழிருந்து இரண்டாவது பட்டன் இல்லை.

"எப்போது தைத்துத் தருவீர்கள்?" அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார். மனைவியிடமும் அப்படித்தான் என்று பென்சில்காரர் சொல்லியிருந்தார்.

"இப்பவே தரலாம் ஐயா. நீங்க என் மனுவ எப்ப எடுக்கறீங்க?"

"அது முறைப்படி..."

"இதுவும் முறைப்படிதான் ஐயா. நூல் வரணும், ஊசி வரணும், கண்ணாடி வரணும்."

பதிவாளர் தொந்தி தெரிய நின்று யோசித்தார். ஐம்பத்தேழாம் நாளுக்கு விசாரணை வைத்தார்.

விசாரணை மண்டபத்தில் கீழ்மாடி இடது பக்கமும் மேல்மாடி வலது பக்கமும் உட்கார்ந்தன. ஆய்வாளர் முன்வரிசையில், தொப்பியோடு. வீட்டுக்காரர் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். தலைமைப் பதிவாளர் புதுப் பட்டன் மின்ன எழுந்து தொடக்க உரை ஆற்றினார்.

"அடி என்பது ஒன்றுதானே, அதற்கு எதற்கு இரண்டு மாடி என்று வெளியே பாமர மக்கள் கேட்கிறார்கள். நான் பதவிக்கு வந்தபோது இங்கே ஒரே மாடிதான் இருந்தது. ஓங்கியதும் பட்டதும் ஒரே ஏட்டில், ஒரே பேனாவால் எழுதப்பட்டன. கற்காலம்! நான் மாடி எழுப்பினேன். இன்று கைக்கும் கன்னத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு முழத்தில் அறுபத்து நான்கு குடும்பங்கள் வாழ்கின்றன. ஓங்கிய கை உடனே பட்டுவிடலாமா? பட்டாலும், யாருக்குப் பட்டது என்று உடனே தெரிந்துவிடலாமா? தெரிந்துவிட்டால் நாங்கள் எதற்கு? சென்ற ஆண்டு ஆயிரத்து நானூறு மனுக்கள் வந்தன. ஒன்றுகூட அவசரப்பட்டுப் பதிவாகவில்லை. தரம் என்பது இதுதான்!"

இரண்டு பக்கமும் கை தட்டின.

"நடந்ததை நடித்துக் காட்டுவோம். அப்போதுதான் கை எங்கே நின்றது என்பது விளங்கும்" என்றார் பதிவாளர்.

ஆய்வாளர் எழவில்லை. விதிப் புத்தகத்தின் பத்தொன்பதாம் விதியைக் காட்டினார். குற்றம் சாட்டப்பட்டவரை அதே செயலைத் திரும்பச் செய்யச் சொல்லக் கூடாது. அவர் மனம் புண்படும். பதிவாளர் விதியைப் படித்துவிட்டு, அப்படியானால் கையாக மனுதாரரும் கன்னமாக ஆய்வாளரும் இருக்க வேண்டியதுதான் என்று உத்தரவிட்டார். கண்ணாடியை ஒரு மணி நேர இரவலில் கொடுத்தார்கள். பட்டனக்கா அதை மாட்டிக்கொண்டாள். ஐம்பத்தேழு நாள் கழித்து உலகத்துக்கு விளிம்பு வந்தது. நடுவில் ஒரு விரிசல், விரிசலுக்கு அந்தப் பக்கம் ஆய்வாளர்.

"எவ்வளவு வேகமா ஐயா ஓங்கணும்?"

"அன்று எப்படியோ, அப்படியே. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

அளவு விஷயத்தில் பட்டனக்கா யாரையும் ஏமாற்றியதில்லை. கையை அன்று போன உயரத்துக்குக் கொண்டுபோனாள். அன்று வந்த வேகத்தில் இறக்கினாள். கன்னத்துக்கு நான்கு விரல் முன்னால் நிறுத்துவதுதான் அவள் எண்ணம். ஆனால் கன்னம் அங்கே இல்லை. ஆய்வாளர் "ஐயோ" என்று மேசைக்கு அடியில் போய்விட்டார். போகிற வழியில் தொப்பியின் விளிம்பு அவளுடைய சுண்டுவிரலில் உரசி, தொப்பி உருண்டு போய் வீட்டுக்காரரின் காலடியில் நின்றது. அவர் அதைத் தொடாமல் காலை மேலே தூக்கிக்கொண்டார்.

"ஓங்கல்!" என்று எழுந்தார் பென்சில்காரர். "என் கண் முன்னால ஓங்கல்!"

"படல்!" என்று எழுந்தார் எதிர்ப்பக்கத்து அம்மாள். "விரல் தொப்பில பட்டுடுச்சு. இது எங்களோடது!"

ஐம்பத்தேழு நாளாக ஒரு எண் எழுத முடியாத பதிவகம் இரண்டு நிமிஷத்தில் இரண்டு எண் எழுதியது. ஓங்கல் ஒன்று, படல் ஒன்று, இரண்டும் பட்டனக்கா மேல். வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதறதை முழுசா எழுதுங்க ஐயா. அரைகுறையா எழுதி நாளைக்கு நான் மேல்முறையீடு போனா உங்களுக்குத்தான் கஷ்டம்."

மேல்முறையீடு என்ற சொல் மண்டபத்தில் ஒரு குளிர்காற்றுபோலச் சுற்றி வந்தது. பதிவாளரே பேனாவை எடுத்தார்.

"என் கை எப்படி வந்துதுன்னு எழுதுங்க."

"மனுதாரர், முன்னர் ஆய்வாளர் தம் மீது ஓங்கிய அதே உயரத்திலும் அதே வேகத்திலும்..." பதிவாளர் நிமிர்ந்தார். "இது தேவையா?"

"நீங்கதானே ஐயா அப்படியே ஓங்கச் சொன்னீங்க? அது இல்லைன்னா நான் உங்க மண்டபத்துல சும்மா கையத் தூக்கின மாதிரி ஆயிடும். தேகப்பயிற்சின்னு டாக்டர் எழுதிடுவாரு."

எழுதினார். அடுத்து தொப்பி. "தொப்பி தலை ஆகுமாங்க? மேடம் எனக்குக் கண்ணாடி மூஞ்சி இல்லைன்னு சொன்னாங்களே" என்று பட்டனக்கா அப்பாவியாகக் கேட்டாள். தன் வழக்கு கைநழுவப் போகிறது என்று அந்த அம்மாள் பதறிவிட்டார். "எழுதிக்குங்க சார்! உடம்புல அணிஞ்சிருக்கிற பொருள் உடம்போட சேர்ந்ததுதான். அதுல பட்டா ஆள் மேல பட்ட மாதிரிதான்!" பதிவாளர் அதையும் அழகான கையெழுத்தில் பொறித்தார்.

கடைசியாக ஐந்தாவது கேள்வி. பென்சில்காரர் விண்ணப்பத்தை ஆய்வாளரிடம் பவ்வியமாக நீட்டினார். "பயந்தீர்களா என்ற இடத்துல ஒரு டிக் மட்டும், சார்."

ஆய்வாளர் அப்போதுதான் மேசைக்கு அடியிலிருந்து முழுதாக வெளியே வந்திருந்தார். முழங்காலில் தூசி. "பயமா? நானா? ஒரு பட்டன் விக்கிறவளைப் பாத்தா?"

"சும்மா ஒரு டிக்குதான் சார்..."

"நாளைக்கு இது வெளிய போனா நான் எந்தக் கடைக்குள்ள சார் நுழைய முடியும்? பதினாறு வருஷ சர்வீஸு! நான் பயப்படல. அடி வருதுன்னு தெரிஞ்சுது, குனிஞ்சேன். அவ்வளவுதான்."

"பயம் இல்லைன்னா ஓங்கல் இல்லையே சார்" என்று பென்சில்காரர் அழும் குரலில் சொன்னார். கைக்கு வந்த வழக்கு இரண்டாம் தடவையாகப் போகிறது.

தலைமைப் பதிவாளர் கண்களை மூடினார். அதிகாரியின் மானம் ஒரு பக்கம், கீழ்மாடியின் பிழைப்பு ஒரு பக்கம். திறந்தபோது முகத்தில் ஒளி இருந்தது. "பயம் என்பது வீரர்களுக்குப் பொருந்தாத சொல்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். "ஓங்கல் குற்றத்துக்குப் பயம் தேவையில்லை. அடி வருகிறது என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தாலே போதுமானது."

பட்டனக்கா தாளை வாங்கி, பில் சரிபார்ப்பதுபோல விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைக்கூடச் சொல்லி வைக்கச் செய்தாள்.

"சரியா இருக்கு ஐயா. ரெண்டு குத்தத்தையும் ஒத்துக்கறேன்."

மண்டபம் திகைத்தது. அங்கே யாரும் எதையும் ஒத்துக்கொண்டு பழக்கமில்லை.

"ஒத்துக்கொள்கிறீர்களா? யோசித்துத்தானா? ஒத்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பு இறுதியாகிவிடும். நானே நினைத்தாலும் ஒரு வரியை மாற்ற முடியாது."

"மாத்தக் கூடாதுன்னுதான் ஐயா ஒத்துக்கறேன். கையெழுத்துப் போட்டு, சீல் குத்துங்க."

குத்தினார். ஈரம் காய ஊதிவிட்டு, பட்டனக்கா தகரப் பெட்டியைத் திறந்து புதிதாக ஒரு மனுவை எடுத்தாள். தீர்ப்பை அதன் பின்னால் வைத்து ஒரு ஊக்கு குத்தினாள். அதற்கு மட்டும் அவள் யாரிடமும் காசு கேட்கவில்லை. பிறகு பென்சில்காரரின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"அதே உயரம், அதே வேகம். ஐயாவே எழுதியிருக்காரு, முன்னால ஆய்வாளர் என் மேல ஓங்கின கைன்னு. நம்பர் போடுங்க."

"நீங்க பயப்..." என்று தொடங்கியவர் தீர்ப்பின் மூன்றாவது பத்தியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"வருதுன்னு எனக்கும் தெரிஞ்சுது சார். நல்லாவே தெரிஞ்சுது. கண்ணாடி போட்டிருந்தேன்." அப்படியே திரும்பினாள். "மேடம், கண்ணாடி உடம்போட சேர்ந்ததாம். நீங்களே சொன்னீங்க. நீங்களும் ஒரு நம்பர்."

சுண்ணாம்பு முகத்து அம்மாள் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் தன் கையெழுத்தைப் பார்த்தார். ஆய்வாளர் தொப்பியைத் தேடினார்.

"இது சூழ்ச்சி!" என்றார் ஆய்வாளர். "சார், என்ன சார் பாத்துக்கிட்டு இருக்கீங்க? கிழிச்சுப் போடுங்க!"

"இறுதித் தீர்ப்பை நான் எப்படிக் கிழிப்பது?" என்றார் பதிவாளர், இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில். "உங்களை யார் ஐயா பயப்படவில்லை என்று சொல்லச் சொன்னது?"

ஆய்வாளரின் கை மெல்ல மேலே எழுந்தது. எழுத்தர்கள் இருவரும் அனிச்சையாகப் பென்சிலையும் பேனாவையும் எடுத்தார்கள். கை கீழே இறங்கிக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

ஆய்வாளர் மேல் விழுந்த இரண்டு எண்களையும் வாங்கிக்கொண்டு பட்டனக்கா காசாளர் சன்னலுக்குப் போனாள். ஓங்கலுக்கும் படலுக்குமான அபராதத்தைச் சுருக்குப் பையிலிருந்து எண்ணி வைத்தாள். காசாளர் இரண்டு தடவை எண்ணினார், குறை இல்லை. வெளியே வீட்டுக்காரர் வண்டியை இயக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே ஒரு கார்க்காரர் வழி கேட்டு ஹாரன் அடிக்க, இவர் திருப்பி ஒன்று அடித்துவிட்டுத் தாமே அதிர்ந்துபோனார்.

"முத்திரைய உடைக்கலாமா? உண்மையாவா?" என்றார் அவள் ஏறி உட்கார்ந்ததும். "ஆனா ஒண்ணு. உள்ள போகும்போது நீ புகார் குடுக்கறவ. வெளிய வரும்போது நீதான் குத்தவாளி. அந்த ஆளு மேல இனிமேதான் விசாரணையே. இது லாபமா நஷ்டமா?"

பட்டனக்கா காசாளர் கொடுத்த ரசீதைப் பின்பக்கம் திருப்பி, முழங்கால் மேல் வைத்து எழுதினாள். வண்டி குலுங்கியதில் எழுத்து கொஞ்சம் கோணியது.

என் பக்கம்: ஓங்கல் ஒன்று, படல் ஒன்று. கட்டியாச்சு. பாக்கி இல்லை.

அவர் பக்கம்: ஓங்கல் ஒன்று, படல் ஒன்று. வர வேண்டியது.